நெற்பயிரும் நிலத்திலுள்ள உலோக விஷமும்

பயிர் பசுமையாய்ச் செழித்து நின்றால் பூமியில் குற்றமில்லை என்று குடியானவர்கள் கொள்வது வழக்கம். உலோக விஷம் கலந்த நிலத்தில் இக்கணக்குப் பொய்த்துப் போகும். ஜப்பான் தேசத்துத் தொயாமா பிரதேசத்தில், ஜின்ஸு நதிப் பாசனத்தில் நேர்ந்தது இதற்குச் சான்று. மலைமேலிருந்த காமியோகா சுரங்கத்தின் கழிவு அந்நதியில் கலந்ததால், துத்தநாகத்தோடு கூடியிருக்கும் காட்மியம் என்னும் உலோகம் வயல்களில் படிந்தது. நெல் விளையவே செய்தது. அதனைப் பல்லாண்டு உண்டவர்களுக்கு, முக்கியமாக வயது முதிர்ந்த ஸ்திரீகளுக்கு, சிறுநீரகம் பழுதடைந்து எலும்புகள் முறிந்தன. நோயின் மூலம் காட்மியமே என்று அத்தேசத்துச் சர்க்கார் 1968-இல் ஒப்புக்கொண்டது. கெட்ட வயல்களுக்குப் புதுமண் இடும் வேலை 2012 வரையில் நீடித்தது.

பயிர் சாகாமலிருப்பது எங்ஙனம்? நெல்லின் வேர் தனக்கு வேண்டிய மாங்கனீசை உட்கொள்ளும் வாயில் வழியாகவே காட்மியமும் நுழைந்துவிடுகிறது. உட்புகுந்த விஷத்தைப் பயிர், கந்தகம் செறிந்த சிறு புரதத் துணுக்குகளால் பிணிக்கிறது. பைட்டோகெலேட்டின் எனப்படும் இவை 1985-இல் ஜெர்மனியில் கண்டறியப்பட்டன. வேரின் உயிரணுக்களில் உள்ள நீர்ப்பைகளில் விஷத்தை அடைத்துவைப்பதும் உண்டு. இது களஞ்சியத்தில் பூட்டுவது போன்றதே. அப்பூட்டுப் பழுதான சில இண்டிகா ரகங்களில், விஷம் தண்டுக்கு ஏறி மணியில் சேர்கிறது. ஆதலின் பயிர் விஷத்தைத் தாங்குவது வேறு, தானியம் தூய்மையாயிருப்பது வேறு. தீட்டிய அரிசி கிலோ ஒன்றுக்கு 0.4 மில்லிகிராம் காட்மியத்துக்கு மேற்படலாகாது என்பது சர்வதேச உணவு விதி.

நீர்ப்பாய்ச்சலும் இதில் பெரிதும் சம்பந்தப்பட்டது. நீர் நின்ற வயலில் காட்மியம் கந்தகத்தோடு கூடிக் கரையாமல் தங்கும். வயல் காய்ந்தால் மீண்டும் கரையும். எனவே கதிர் வெளிப்படுவதற்கு முன்னும் பின்னும் மும்மூன்று வாரம் நீர் வற்றாமல் காப்பது ஜப்பானியர் முறை. புளிப்பு நிலத்துக்குச் சுண்ணாம்பு இடுவதும் உதவும். ஆனால் பாஷாணம் உள்ள நிலத்தில் நீர் கட்டுவது தீங்காகும். வங்காளத்தில் போல அங்கே தேங்கிய நீரே அவ்விஷத்தை மண்ணினின்று விடுவிக்கிறது. ஆகவே எந்த விஷம் உள்ளதென்று அறியாமல் மருந்து செய்தல் தகாது.

2012-இல் ஜப்பானிய அறிஞர் கொஷிஹிகாரி நெல்லில் மேற்சொன்ன வாயில் கெட்ட ஒரு ரகத்தை வெளியிட்டனர். அதன் அரிசியில் காட்மியம் அற்பமே. மாங்கனீசும் குறைவாகவே ஏறுவதால், அச்சத்து நலிந்த பூமியில் அதனைக் கவனித்துப் பயிரிட வேண்டும்.

தொழிற்சாலை அல்லது சுரங்கத்தின் நீர் பாயும் கிராமங்களில், உத்தியோகஸ்தர்கள் மண் மாதிரியை வயலின் நடுவில் மட்டும் எடுத்தல் போதாது. விஷம் மிகுதியாய்ப் படிவது நீர் புகும் மடைவாயருகில். அவ்விடத்து மண்ணையும் நெல்லையும் தனியே கட்டி அனுப்புதல் வேண்டும்.