முதியோரின் தடுமாற்றம் மூப்பினால் மட்டுமா?

சென்ற ஆண்டு எங்கள் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில், எழுபது வயது கடந்த விவசாயி ஒருவர் மாட்டுத் தொழுவத்தில் வழுக்கி விழுந்தார். தலையில் இலேசான அடி, இரத்தக் காயமில்லை. ஆதலால் எவரும் பொருட்படுத்தவில்லை. மூன்று வாரங்களுக்குப் பின் அவருடைய நடை தள்ளாடியது; பெற்ற மகனையே அடையாளம் தெரியாமல் விழித்தார்; மேலும் இருமுறை விழுந்தார். "வயதாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது" என்றனர் வீட்டார். ஊராட்சி உறுப்பினர் ஒருவர் வற்புறுத்தியதன் பேரில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையே இரத்தம் தேங்கியிருப்பது தெரிந்தது. அறுவை சிகிச்சையால் அதனை அகற்றினர். இன்று அவர் தாமே வயலுக்குச் சென்று மடை திறந்துவிடுகிறார்.

இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துவது யாது? மூப்பில் வரும் மறதி நோய் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்வது. சில நாட்களிலோ வாரங்களிலோ தோன்றும் குழப்பத்துக்கு வேறு காரணம் இருக்கக்கூடும். அது பல சமயங்களில் தீர்க்கக்கூடியதுமாகும்.

சிறுநீர்த் தொற்றும் நிமோனியாவும் முதியோரிடம் காய்ச்சலின்றியே குழப்பமாக வெளிப்படுவதுண்டு. வெயிற்காலத்தில் உடலில் நீர் வற்றுவதும், இரத்தத்தில் சோடியம் குறைவதும் அறிவை மயக்கும். நீரிழிவு மாத்திரையை உட்கொண்டு உணவைத் தவிர்ப்போருக்குச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கி மயக்கம் நேரலாம். தூக்க மாத்திரையும், கடையில் கேட்டு வாங்கும் சில சளி மாத்திரைகளும் தடுமாற்றத்தை உண்டாக்கும்.

ஆகவே, வீட்டார் கீழ்க்கண்டவற்றை விசாரித்து மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும்:

1. குழப்பம் எந்த நாளில் தொடங்கியது?
2. விழுந்தது எங்கே, எவ்வேளையில்? படுக்கையிலிருந்து எழுந்தவுடனா?
3. தலையில் அடிபட்டதா?
4. உணவு, நீர், சிறுநீர், மலம் ஆகியவை எவ்வாறு உள்ளன?
5. உட்கொள்ளும் மாத்திரைகள் யாவை? அனைத்தையும் ஒரு பையிலிட்டு உடன் எடுத்துச் செல்க.

எழுந்தவுடன் கண் இருண்டு விழுவோருக்கு, படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் இரத்த அழுத்தத்தை அளந்து பார்க்குமாறு கேட்டுக்கொள்ளலாம். நிற்கும்போது மேல் அளவு 20 புள்ளிகளோ அதற்கு மேலோ குறையுமாயின், விழுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

வாய் கோணுதல், ஒரு பக்கக் கைகால் சோர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவை தோன்றினால் உடனே 108-ஐ அழைத்தல் வேண்டும். மூளையின் இரத்தக் குழாய் அடைப்பைக் கரைக்கும் மருந்தை முதல் நாலரை மணி நேரத்துக்குள் கொடுப்பதே வழக்கம். விழுந்தவரால் காலைத் தூக்க முடியவில்லையெனில் இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம். இழுத்து நீவுதல் கூடாது.

2021-இல் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பணியாளர்கள் வீடு தேடி வரும்போது, சர்க்கரை, இரத்த அழுத்தத்தோடு முதியவர் விழுந்த செய்தியையும் மறவாமல் கூறுக. ஊராட்சி உறுப்பினர்கள் தத்தம் வார்டில் விழுந்தெழுந்த முதியோரை நேரில் கண்டு விசாரிப்பார்களாக. குளியலறையில் ஒரு கைப்பிடியும், இரவில் வாயிற்படியருகே ஒரு விளக்கும் அமைக்கச் செலவு சொற்பமே. அதனால் காக்கப்படுவதோ ஒரு குடும்பத்தின் மூத்த உயிர்.