புதுப் பயிற்சியாளரும் பொறுமையற்ற ரசிகரும்

"வீட்டைக் கட்டிப் பார்; கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்பார்கள் நம் பெரியோர். கால்பந்துக் குழு ஒன்றைப் பழக்கிப் பார் என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அந்தேரி மைதானத்தில் மும்பை சிட்டி குழு ஆடும் நாட்களில், தாராவி, மாதுங்கா, செம்பூர்ப் பகுதி மாணவர்கள் பலர் ரயிலேறிச் சென்று வருகிறோம். திரும்பும்போது வண்டிக்குள் நடக்கும் வாக்குவாதம், மைதானத்தில் நடந்த ஆட்டத்தைவிடச் சூடானது. "முன்னால் அடிக்க வேண்டிய பந்தைப் பின்னால் தள்ளுகிறார்களே, இது என்ன ஆட்டம்?" என்பார் ஒருவர். "எல்லாம் புதுப் பயிற்சியாளர் செய்யும் கூத்து" என்பார் மற்றவர். தோற்ற நாளில் பயிற்சியாளருக்கு வாதாட ஒரு வக்கீலும் கிடைப்பதில்லை. ஆகவே, அந்த வழக்கைச் சற்று நிதானமாக விசாரிப்போம்.

முதலில், பந்து ஏன் பின்னால் போகிறது? கபடியில் பாடி வருபவர் ஒரு மூலைக்குப் போவதுபோல் போக்குக் காட்டுகிறார். எதிரணியினர் அந்தப் பக்கம் சாய்ந்ததும், மறுபக்கம் காலியாகிறது. கால்பந்திலும் அதே தந்திரந்தான். கோல் காவலர் பந்தை நீட்டி அடிக்காமல், அருகிலுள்ள பின்காவலருக்குத் தருகிறார். அதைப் பறிக்க எதிரணியின் முன்வரிசை ஓடி வருகிறது. வந்தவர்களின் முதுகுக்குப் பின்னே இடம் பிறக்கிறது. இடைவரிசை ஆட்டக்காரர் அங்கே பந்தை வாங்கித் திரும்பினால், ஓரங்களில் காத்திருக்கும் வேகக்காரர்களுக்கு வழி திறந்துவிடுகிறது. அபாயமும் இல்லாமலில்லை. ஒரு கால் தவறினால் பந்து நம் கோலுக்கு எதிரிலேயே பறிபோகும். அதனால்தான் இந்த ஆட்டம் கோல் காவலரிலிருந்து முன்னணி வீரர்வரை அனைவரும் ஒரே மனத்தோடு பழகியபின்னரே பலிக்கும்.

மும்பை சிட்டியின் வரலாறு இதற்கு நல்ல சான்று. ஸ்பெயின் நாட்டவரான செர்ஜியோ லொபேரா இம்முறையில் பழக்கிய குழு, 2020-21 பருவத்தில் இந்தியன் சூப்பர் லீக்கின் கேடயம், கோப்பை இரண்டையும் வென்றது. 2021 அக்டோபரில் அவருடைய இடத்துக்கு இங்கிலாந்தைச் சேர்ந்த டெஸ் பக்கிங்ஹாம் வந்தார். டிசம்பர் 1 அன்று ஏ.டி.கே. மோகன் பகானை 5-1 என்று வீழ்த்தியபோது அவரைப் புகழாதவர் இல்லை. சில வாரங்களில் வெற்றிகள் அருகின. குழு ஐந்தாம் இடத்தில் நின்றது. முதல் நான்கு குழுக்களுக்கே அடுத்த சுற்று என்பதால் வெளியேறியது. புகழ்ந்த வாய்களே இகழவும் செய்தன.

காரணத்தை எத்தனை பேர் ஆராய்ந்தோம்? கோல் காவலர் அம்ரிந்தர் சிங்கும் தாக்குதலின் மூளையாக விளங்கிய ஹியூகோ பூமூசும் மோகன் பகானுக்குப் போயிருந்தனர். கோல்களைக் குவித்த ஓக்பெச்சே ஹைதராபாத்துக்குப் போய், அந்தப் பருவத்தில் அங்கே 18 கோல்கள் போட்டார். பந்தைத் தொடங்குபவர், நடுவே கொண்டு செல்பவர், முடிப்பவர் ஆகிய மூவரும் இல்லை. சமையல் முறை பழையது. அரிசியும் பருப்பும் மாறிவிட்டன.

நல்லவேளையாக, நிர்வாகம் அவசரப்படவில்லை. 2022 ஜனவரியில் லாலியன்சுவாலா சாங்தே வந்தார். அடுத்த பருவத்துக்கு கிரெக் ஸ்டூவர்ட்டும் ஹோர்ஹே பெரேரா தியாசும் சேர்ந்தனர். முறையைக் கைவிடாத பக்கிங்ஹாமின் குழு 2022-23இல் தொடர்ந்து 18 ஆட்டங்களில் தோல்வியே காணவில்லை. 20 ஆட்டங்களில் 54 கோல்கள் போட்டுக் கேடயத்தை வென்றது. முதல் ஆண்டிலேயே அவரை வழியனுப்பியிருந்தால் இந்த ஆட்டத்தை நாம் கண்டிருப்போமா?

முடிவை மட்டும் வைத்து முறையை எடைபோடுவதிலுள்ள பிழைக்கு இன்னொரு சான்றும் உண்டு. 2023 டிசம்பரில் செக் நாட்டவரான பீட்டர் கிராட்கி பொறுப்பேற்றார். 2024 ஏப்ரல் 15 அன்று கொல்கத்தாவில் மோகன் பகானிடம் 1-2 என்று தோற்றுக் கேடயத்தைக் கோட்டைவிட்டது மும்பை. மே 4 அன்று அதே அரங்கில், அதே எதிரியை 3-1 என்று வென்று கோப்பையைக் கொண்டு வந்தது. இடையே பத்தொன்பது நாட்கள். அதற்குள் அந்தப் பயிற்சியாளர் அறிவிலியாக இருந்து அறிஞராக மாறிவிட்டாரா?

அப்படியானால் பயிற்சியாளரிடம் குறையே காணக்கூடாதா? காணலாம்; காணவும் வேண்டும். கையிலுள்ள ஆட்களுக்கு முறை பொருந்துகிறதா, நாளுக்கு நாள் தவறுகள் குறைகின்றனவா, ஒரு வழி அடைபட்டால் மறுவழி வைத்திருக்கிறாரா என்று மூன்று கேள்விகள் கேட்கலாம்.

மூன்றாவது கேள்விக்கு விடை தந்த மேதை சையத் அப்துல் ரஹீம். அவர் பழக்கிய ஹைதராபாத் நகரப் போலீஸ் குழு, 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து நமது மும்பையின் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. பந்தை வைத்துக்கொண்டு வித்தை காட்டாமல் உடனுக்குடன் கைமாற்றும் ஆட்டத்தை அவர் வற்புறுத்தினார். 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், பின்காவலரான ஜர்னெயில் சிங்குக்குத் தலையில் பலத்த காயம். அவரை ரஹீம் முன்னணியில் நிறுத்தினார்! அன்று ரயில் வண்டியில் இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். அரையிறுதியிலும் இறுதியிலும் ஜர்னெயில் கோல் போட்டார். கோல் காவலராக நம் பீட்டர் தங்கராஜ் நின்ற அந்த இறுதி ஆட்டத்தில் இந்தியா தென்கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் பெற்றது.

நம் கல்லூரிக் குழுக்களிலும் ஒரு தோல்விக்கே தலைவரை மாற்றும் வழக்கத்தைக் காண்கிறோம். நட்ட செடியை நாள்தோறும் பிடுங்கி வேரைப் பார்த்தால், செடி எப்படிப் பிழைக்கும்? அடுத்த முறை அந்தேரியிலிருந்து திரும்பும்போது, தீர்ப்புச் சொல்லும் முன் அந்த மூன்று கேள்விகளையும் கேட்டுப் பார்ப்போம். வாக்குவாதம் குறையாது, அதன் தரம் நிச்சயம் உயரும்.