எண்ணாயிரம் சமணர் கழுவேற்றம்: எந்தச் சான்றுக்கு எவ்வளவு எடை?

ராமகுப்பத்தில் என் கடைக்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்று பேச்சும் வரும். நான் நயினார் குடும்பத்தவன், பழைய நூல்களைப் புரட்டுகிறவன் என்று தெரிந்த தமிழன்பர்கள் ஒரு கேள்வி கேட்பதுண்டு: "மதுரையில எண்ணாயிரம் சமணரைக் கழுவில ஏத்தினது நிஜந்தானா ஐயா?" வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்கும் இக்கேள்வி ஒருநாள் வரும். ஆம், இல்லை என்று சொல்வதற்குமுன் சான்றை நிறுக்கப் பழக வேண்டும்.

கொடுமை நடந்தது என்பாரும், எல்லாம் கட்டுக்கதை என்பாரும் பேசுவது பெரும்பாலும் ஒரே நூலை வைத்துத்தான். அது சேக்கிழாரின் பெரியபுராணம். அனல்வாதம், புனல்வாதம் இரண்டிலும் தோற்ற சமணர், தாங்களே சொன்ன சபதப்படி கழுவேறினர் என்கிறது அந்நூல். சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டினர்; சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டினர். இடைவெளி ஏறக்குறைய 500 ஆண்டு. சேக்கிழாருக்கு முற்பட்ட நம்பியாண்டார் நம்பியும் சம்பந்தர் காலத்தவர் அல்லர். சம்பந்தரின் பதிகங்களோ சமணரைக் கடுமையாகச் சாடுகின்றன; ஆனால் எண்ணாயிரவரைக் கழுவேற்றிய கதையைச் சொல்லவில்லை.

"தன் பக்கத்துக்குப் பாதகமானதை ஒருத்தன் தானே எழுதினா அது உண்மையாத்தானே இருக்கும்?" என்பார்கள். நல்ல கேள்வி. ஆனால் சேக்கிழாருக்கு அது பாதகமாகத் தோன்றவில்லை. அவர் எழுதியது குற்ற ஒப்புதல் அல்ல, வெற்றிப் பெருமிதம். எனவே ஒப்புதல் வாக்குமூலத்துக்குரிய எடையை அதற்குத் தர முடியாது.

எண்ணாயிரம் என்ற தொகையையும் பாருங்கள். நாலடியார் பிறந்த கதையிலும் சமண முனிவர் எண்ணாயிரவர். அவர்களுடைய ஏடுகளும் வைகையில் எறியப்பட்டன, 400 பாடல்கள் எதிரேறி வந்தன. சைவர் கதையிலும் சமணர் கதையிலும் அதே தொகை, அதே ஆறு, அதே எதிர்நீச்சல். எண்ணிப் பார்த்து எழுதிய கணக்கு இப்படி அமையாது.

அடுத்துக் கல்வெட்டு. பழநிக்கு அருகே ஐவர்மலையில் கி.பி. 870ஆம் ஆண்டு வரகுண பாண்டியன் காலத்துச் சமணக் கல்வெட்டு இருக்கிறது. கழுகுமலையில் 8, 9ஆம் நூற்றாண்டு வட்டெழுத்துகளில் சமண ஆசிரியர்களோடு குரத்தியர் எனும் பெண் துறவியர் பெயர்களும் உள்ளன. மதுரையைச் சுற்றிய குன்றுகளில் அச்சணந்தி என்ற முனிவரின் பெயர் பல இடத்தில் வருகிறது. சித்தூர்ப் பக்கத்தாருக்கு எட்டும் தூரத்தில் உள்ள வள்ளிமலையிலும் கங்க மன்னன் ராசமல்லன் காலத்துச் சமணக் குகை இருக்கிறது. அதே மலை முருகன் தலமும்கூட.

இவை எதைக் காட்டுகின்றன? சம்பந்தருக்கு 200 ஆண்டு கழித்தும் பாண்டிய நாட்டில் சமணம் வேரறுந்து போகவில்லை என்பதைக் காட்டுகின்றன. ஒருவர்கூடக் கொல்லப்படவில்லை என்பதை இவை காட்டா. கல்லுக்கும் அதன் எடைக்கு மேல் ஏற்றக்கூடாது.

இதே தராசை நம் பக்கத்துக்கும் பிடிக்க வேண்டும். நீலகேசி நம் நூல். 1936இல் சக்கரவர்த்தி நயினார் அதை உரையுடன் பதிப்பித்தார். அதில் நீலகேசி பௌத்தரை எல்லாம் வாதில் வெல்கிறாள். எதிர்த்தரப்பு நூலான குண்டலகேசியோ முழுதாகக் கிடைக்கவில்லை. பௌத்தர் வாதம் இன்னதென்று பெரிதும் நம் நூல் வாயிலாகத்தான் கேட்கிறோம். சேக்கிழார் சொன்னதைச் சந்தேகிக்கிற நாம் நீலகேசியின் வெற்றியை மட்டும் அப்படியே ஏற்பது எந்த ஊர் நியாயம்?

ஆகவே என் முடிவு இது: எண்ணாயிரவர் கழுவேறினர் என்பது நிறுவப்படவில்லை. ஆனால் சமயப் பகை கடுமையாக இருந்தது என்பதற்குச் சம்பந்தர் பதிகங்களே அக்காலச் சான்று. "அந்தக் காலத்துல எல்லாரும் ஒத்துமையாத்தான் இருந்தாங்க" என்பதும் சரியல்ல.

பிள்ளைகள் கேட்டால் மூன்றைத் தேடச் சொல்லுங்கள்: எழுதியவர் நிகழ்ச்சிக்கு எவ்வளவு காலம் தள்ளி இருந்தார்? யாருக்காக எழுதினார்? எதிர்த்தரப்பின் குரல் நேராகக் கேட்கிறதா? இந்த மூன்றையும் எதிராளியின் நூலைக் கேட்பதற்குமுன் தம் வீட்டு நூலைக் கேட்கட்டும். சைவரும் சமணரும் ஒரே சங்கத்தில் அமர்ந்து இதைப் பேச முடிவதே நம் தமிழுக்குப் பெருமை.