அரசு லேப்டாப்புக்கு மறுவாழ்வு

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது. அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு அரசு நிறுவனமான எல்காட் மூலம் லட்சக்கணக்கான லேப்டாப்புகள் கிடைத்தன. தொடக்க காலத்தில் வந்தவற்றில் 2 ஜிபி ரேமும் 320 ஜிபி ஹார்டு டிஸ்க்கும் இருந்தன. நெய்வேலியை ஒட்டிய மந்தாரக்குப்பம் போன்ற ஊர்களில் பல வீடுகளின் முதல் கம்ப்யூட்டரே அதுதான். இன்று அது கறுப்புத் திரையோடு நின்றுபோனால், பழைய இரும்புக்காரரைக் கூப்பிட அவசரப்பட வேண்டாம். ஹார்டு டிஸ்க் மட்டும் போயிருக்கலாம்.

அது ஏன் முதலில் போகிறது? லேப்டாப்பில் ஓயாமல் சுழல்பவை மின்விசிறியும் ஹார்டு டிஸ்க்கும்தான். டிஸ்க்கின் உள்ளே கண்ணாடிபோல் பளபளக்கும் தட்டு, நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றுகிறது. தகவலைப் படிக்கும் முனை அந்தத் தட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் காற்றில் மிதக்கிறது. நெய்வேலி அனல்மின் நிலையச் சாம்பலின் ஒரு துகள், இந்த இடைவெளியைப்போல் ஆயிரம் மடங்கு பெரிது. ஓடும்போது லேப்டாப் கீழே விழுந்தால் முனை தட்டில் மோதிக் கீறிவிடும். ‘டக், டக்’ என்று விடாமல் சத்தம் கேட்டால், முனை தன் இடம் தெரியாமல் தடுமாறுகிறது என்று பொருள். அதன்பின் அதை ஓட்டக் கூடாது. கழற்றித் திறந்து பார்க்கவும் கூடாது.

உலகின் முதல் ஹார்டு டிஸ்க்கை ஐ.பி.எம். 1956இல் வெளியிட்டது. 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள் இருந்தும், அதில் அடங்கியவை 50 லட்சம் எழுத்துகளே. பின்னாளில் லேப்டாப் டிஸ்க் இரண்டரை அங்குல அளவில் நிலைபெற்றது; ‘சாட்டா’ இணைப்பும் பொதுவாயிற்று. அதனால்தான் எந்த நிறுவனத்தின் டிஸ்க்கையும் அரசு லேப்டாப்பில் மாட்ட முடிகிறது.

மாற்றும் வேலை எளிது. சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். அடி மூடியைச் சிறிய ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரால் திறங்கள். டிஸ்க்கை மேலே தூக்காமல், இணைப்பிலிருந்து பக்கவாட்டில் நகர்த்தி எடுங்கள். அதன் தகரச் சட்டத்தைக் கழற்றிப் புதியதில் பொருத்தி, அதே வழியில் தள்ளினால் சரியாக உட்காரும். சுழலும் டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. வாங்குங்கள். அதில் அசையும் பாகமே இல்லை, வேகமும் அதிகம். பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமன் என்றால், 7 மில்லிமீட்டர் எஸ்.எஸ்.டி. ஆடாமலிருக்கச் சிறு பிளாஸ்டிக் சட்டம் வைக்க வேண்டும்.

அடுத்து, பென் டிரைவ் வழியே இயங்குதளம் ஏற்ற வேண்டும். பழைய விண்டோஸ் 7ஐயே மீண்டும் ஏற்ற வேண்டாம்; அதற்கான வழக்கமான பாதுகாப்பு மேம்பாடுகள் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டன. எடை குறைந்த லினக்ஸ் ஒன்றே பழைய இயந்திரத்துக்கு ஏற்றது, செலவும் இல்லை. ரேமையும் 4 ஜிபியாக்கினால் பிள்ளைகள் படிக்க, எழுத, விண்ணப்பம் நிரப்பத் தாராளமாகப் போதும்.

டிஸ்க்கை மாற்றலாம், அதிலிருந்த குடும்பப் படங்களும் சான்றிதழ்களும் போனால் போனவைதான். இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப் உங்களிடம் இருந்தால், அவற்றை இன்றைக்கே வேறோர் இடத்திலும் நகலெடுத்து வையுங்கள்.