இலவசமாகக் கொடுத்தாலும் பரிசோதனையை ஏன் தள்ளிப்போடுகிறோம்?

"எனக்கு ஒண்ணும் இல்ல. அப்புறம் பார்த்துக்கலாம்."

50 வயதைத் தாண்டிய அம்மாவோ அப்பாவோ வீட்டில் இருந்தால் இதை நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

சிங்கப்பூரில் அதிகம் ஏற்படும் புற்றுநோய்களில் ஒன்று பெருங்குடல் புற்றுநோய். ஆரம்பத்தில் பெரும்பாலும் அறிகுறியே இருக்காது. அதனால்தான் 50 வயதிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை மலப் பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது. அதற்கான பெட்டியைச் சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கம் தகுதிபெறும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இலவசமாகவே தருகிறது.

அப்புறம் ஏன் தயக்கம்?

அதற்கு விடை தேடுவது நடத்தை அறிவியலும் சமூக அறிவியலும். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் போன்ற அமைப்புகள் மருந்து ஆய்வுகளோடு இத்தகைய ஆய்வுகளுக்கும் நிதி தருகின்றன. நல்ல பரிசோதனை இருந்தும் மக்கள் செய்துகொள்ளாவிட்டால் என்ன பயன்?

ஆய்வுகள் சொல்வது என்ன?

*சிரமம் குறைந்தால் ஆர்வம் கூடும்*

இங்கிலாந்தில் முன்பு 3 நாள் மலத்திலிருந்து மொத்தம் 6 மாதிரிகள் எடுக்கவேண்டியிருந்தது. ஒரே மாதிரி போதும் என்ற புதிய முறையைச் சோதித்தபோது பங்கேற்பு சுமார் 59 விழுக்காட்டிலிருந்து 66 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. 2019இல் அது நாடளாவிய திட்டமானது.

*நாள் குறித்தால் காரியம் நடக்கும்*

அமெரிக்காவில் சுமார் 12,000 ஊழியர்களுக்குப் பெருங்குடல் உள்நோக்குப் பரிசோதனை பற்றிய நினைவூட்டல் அனுப்பப்பட்டது. ஒரு பிரிவினருக்கு மருத்துவர் பெயரையும் தேதியையும் எழுதிக்கொள்ள ஒட்டுத்தாள் இணைக்கப்பட்டது. மற்றவர்களுக்கு வெற்றுத்தாள். பரிசோதனைக்குச் சென்றவர்கள்: 7.2 விழுக்காடு, 6.2 விழுக்காடு.

வித்தியாசம் சின்னதுதான். ஆனால் 10,000 பேரில் அது 100 பேர். செலவோ ஒரு துண்டுத் தாள்!

*பயமும் கூச்சமும்*

"ஏதாச்சும் இருக்குன்னு சொல்லிட்டா?" என்ற பயம் பலருக்கு உண்டு. மலத்தில் ரத்தம் தென்பட்டாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. மூலம்கூடக் காரணமாக இருக்கலாம். உறுதிசெய்ய அடுத்த பரிசோதனை தேவை, அவ்வளவுதான்.

நீங்கள் என்ன செய்யலாம்?

"டெஸ்ட் பண்ணுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். பெட்டியை நீங்களே வாங்கி வாருங்கள். "சனிக்கிழமை காலையில செய்றீங்களா? நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்" என்று கேளுங்கள்.

குடும்பத்தில் யாருக்காவது இந்தப் புற்றுநோய் இருந்திருந்தால், 50 வயதுவரை காத்திருக்காமல் மருத்துவரிடம் பேசுங்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது போன்ற அறிகுறிகள் இருந்தால் பெட்டிக்காகவும் காத்திருக்கவேண்டாம். நேராக மருத்துவரைப் பாருங்கள்.