கழற்றிப் போட்ட கியர்

1976 அக்டோபர் 21 அன்று கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில், ஃபேர்ஃபாக்ஸ் என்ற சிற்றூருக்கு மேலே உள்ள மலைச்சரிவில் ஒரு சைக்கிள் பந்தயம் நடந்தது. மூன்று கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் மண்பாதை; அதற்குள் சுமார் 400 மீட்டர் இறக்கம். வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் வைத்திருந்தது, 1930களிலும் 40களிலும் ஷ்வின் நிறுவனம் செய்த எக்செல்சியர் போன்ற பழைய வண்டிகள். தடித்த டயர், ஏறக்குறைய இருபது கிலோ எடை, ஒரே கியர். பிரேக் பின்சக்கர ஹப்புக்குள்ளேயே இருக்கும். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும். வண்டி அடிவாரம் வந்து சேர்வதற்குள் ஹப்பிலிருந்த கிரீஸ் சூட்டில் புகையாகிப் போய்விடும். ஹப்பைப் பிரித்துப் புது கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்று பெயர் வந்தது இதனால்தான்.

ஒரே கியரில் ஓட்டியதற்குப் பின்னால் அன்று எந்தக் கொள்கையும் கிடையாது. குப்பையிலும் பழைய கடைகளிலும் கிடைத்த வண்டிகளில் அதுதான் இருந்தது. மேலே போக வேண்டுமானால் தள்ளிக்கொண்டு ஏற வேண்டும், இல்லாவிட்டால் யாருடைய பிக்கப் வண்டியிலாவது ஏற்றிவிட வேண்டும். தள்ளித் தள்ளி அலுத்துப்போனவர்கள்தான் கியரைத் தேடிப் போனார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவரான கேரி ஃபிஷர் 1970களின் நடுவிலேயே தன் பழைய ஷ்வினில் டீரெயிலரையும் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கருவி) டிரம் பிரேக்கையும் மாட்டிவிட்டார். 1977இல் அதே கூட்டத்து ஜோ ப்ரீஸ் மலைக்கென்றே புதிதாக ஃபிரேம் செய்தார். 1979இல் ஃபிஷரும் சார்லி கெல்லியும் சேர்ந்து, டாம் ரிட்சி செய்துகொடுத்த ஃபிரேம்களை வைத்து வியாபாரம் தொடங்கினார்கள். 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் 15 கியரோடு கடைக்கு வந்தது.

அதற்குப் பிறகு கியர் பெருகிய கதையை நீட்ட வேண்டியதில்லை. 15 என்பது 18 ஆயிற்று, 21 ஆயிற்று, முன்னால் மூன்று, பின்னால் எட்டு என்று 24 ஆயிற்று. 1990இல் கொலராடோவின் டுராங்கோவில் மலைச் சைக்கிளுக்கான முதல் அதிகாரபூர்வ உலகப் போட்டி நடந்தது; 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்ஸிலும் அது இடம்பெற்றது. அந்த 24 கியரில் பல, ஒன்றுக்கொன்று நகல்தான். முன்பக்க நடுப் பல்சக்கரத்தில் கிடைக்கிற வேகம் பெரிய பல்சக்கரத்திலும் கிடைக்கும். விளம்பரத்தில் இதை யாரும் சொல்வதில்லை.

சிலர் கியரைக் கழற்றத் தொடங்கியது சரியாக இந்த உச்சத்தில். சேறு ஒரு காரணம். பிரிட்டனில் குளிர்காலம் முழுக்க ஈர மண்ணில் ஓட்டுகிறவருக்கு ஒரு பருவத்தில் செயின், பல்சக்கரங்கள், டீரெயிலர் எல்லாமே அரைபட்டுப் போகும். பாதையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குச்சி போதும், டீரெயிலர் ஸ்போக்குக்குள் போய்ச் சிக்கிக்கொள்ள. இன்னொரு காரணம் குறும்பு. சைக்கிள் கம்பெனிகள் ஆண்டுதோறும் ஒரு பல்சக்கரத்தைக் கூட்டி விற்க, இவர்கள் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு அதே பந்தயத்துக்கே வந்து நின்றார்கள்.

கியர் இல்லாத சைக்கிளில் என்ன அதிசயம் என்று நம் வாசகர் கேட்கலாம். பால்காரர் வண்டியிலிருந்து பள்ளிப் பிள்ளைகள் வண்டிவரை நாம் மிதித்ததெல்லாம் ஒரே கியர்தானே. ஆனால் நம் சைக்கிள் கடைக்காரர் செயின் தொய்ந்தால் என்ன செய்வார் என்று யோசித்துப் பாருங்கள். பின்சக்கர நட்டைத் தளர்த்துவார், சக்கரத்தைப் பின்னால் இழுப்பார், மறுபடி முறுக்குவார். அச்சு உட்காரும் காடி கிடைமட்டமாக நீண்டிருப்பதால் அது முடிகிறது. 1980களின் இறுதியிலிருந்து வந்த பெரும்பாலான மலைச் சைக்கிள்களில் அந்தக் காடி செங்குத்தாகிவிட்டது. சக்கரம் அதில் ஒரே இடத்தில்தான் உட்காரும். தொய்வை இழுத்துப் பிடிக்கும் வேலை டீரெயிலரிடம் போய்விட்டது. அந்த டீரெயிலரைக் கழற்றினால் செயினை யார் பிடிப்பது? பழைய கியர் வண்டியை ஒற்றைக் கியராக்குவதில் உள்ள வம்பெல்லாம் இந்த ஒரு கேள்வியிலிருந்துதான் கிளம்புகிறது.

அன்றைய முதல் விடை, கழற்றிய டீரெயிலரையே திரும்ப மாட்டுவது. அதன் கேபிளில் ஒரு துண்டை வெட்டிச் செருகி, ஒரே பல்லுக்கு நேராக நிற்கும்படி செய்துவிட்டால் அது செயினை இழுத்துப் பிடிக்கும் கையாக மட்டும் வேலை செய்யும். கொஞ்சம் வெட்கக்கேடுதான், எதைத் துறந்தோமோ அதையே தொங்கவிட்டுக்கொண்டு போவது. ஆனால் காசு செலவில்லை. அதைவிடக் கெட்டிக்காரர்கள் ‘மேஜிக் கியர்’ தேடினார்கள். முன்பல், பின்பல், ஃபிரேமின் நீளம் மூன்றும் தற்செயலாக ஒத்துப்போய், செங்குத்துக் காடியிலேயே செயின் விறைப்பாக நிற்கும் ஒரு சேர்க்கை. பின்னால் ஒரு பல்லைக் கூட்டினாலோ குறைத்தாலோ அச்சு சுமார் மூன்று மில்லிமீட்டர் நகர்ந்தாக வேண்டும். ஆகவே பொருந்துவது அபூர்வம். பொருந்தினாலும் நிம்மதி நீடிக்காது. செயின் தேயத் தேய நீளும், மேஜிக்கும் கழன்றுவிடும்.

1990களின் இறுதியில் சர்லி போன்ற சிறு கம்பெனிகள் சிங்கிளேட்டர் என்று, இதற்கென்றே ஒரு ஸ்பிரிங் கையைச் செய்து விற்றன. வொயிட் இண்டஸ்ட்ரீஸ், அச்சு நடுவில் இல்லாத ஒரு ஹப்பையே செய்தது. அச்சை லேசாகத் திருப்பினால் சக்கரம் முன்னும் பின்னும் நகரும். செங்குத்துக் காடியில் கிடைமட்டக் காடியின் வேலை நடக்கும். இந்தத் தேடலில் பிறந்தவற்றுள் என் ஓட்டு இதற்குத்தான்.

பல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். கியர் வண்டியின் பற்கள் செயின் எளிதாகத் தாவுவதற்கென்றே குட்டையாகவும் ஓரம் சீவியும் செய்யப்பட்டவை. தாவக் கூடாத வண்டியில் அவை எதிரிகள். எழுந்து நின்று மிதிக்கையில் செயின் வழுக்கி, தொடை கம்பியில் இடிக்கும். முதலில் பழைய கேசட்டின் (பின்பக்கப் பல்சக்கர அடுக்கு) ரிவெட்டுகளைத் துளையிட்டுப் பிரித்து, 16 பல் சக்கரம் ஒன்றை எடுத்து, மீதி இடத்தை அதே கேசட்டின் ஸ்பேசர்களால் நிரப்பினார்கள். ஸ்பேசர் போதாதவர்கள் தண்ணீர்க் குழாய்க்கான பிவிசியை வளையமாக அறுத்துச் சொருகினார்கள். முன்பல்லும் பின்பல்லும் ஒரே நேர்கோட்டில் வரும்வரை இந்த வளையங்களை இடம் வலமாக மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கோடு பிசகினால் செயின் கழலும், சத்தமும் போடும். கேசட்டுக்கு முந்தைய, மரையில் முறுக்கும் ஃப்ரீவீல் வண்டி என்றால் வேறு கூத்து. பிஎம்எக்ஸ் ஃப்ரீவீலை முறுக்கி, அச்சின் வளையங்களை இடம் மாற்றி, ஸ்போக்குகளை ஒருபக்கம் இறுக்கி மறுபக்கம் தளர்த்தி ரிம்மை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். கஷ்டப்பட்டதற்குப் பலன் உண்டு. இருபுறமும் ஸ்போக் ஏறக்குறைய ஒரே இறுக்கத்தில் இருக்கும் அந்தச் சக்கரம், கியர்ச் சக்கரத்தைவிடப் பலமானது.

இவ்வளவுக்கும் பிறகு வண்டியில் ஏறக்குறைய ஒரு கிலோ குறையும். பந்தயத்தில் அந்த ஒரு கிலோவைவிட முக்கியமானது எந்தப் பல்லைப் போட்டுக்கொண்டு வந்தோம் என்பது. அன்று பழக்கத்தில் இருந்த கணக்கு, 26 அங்குலச் சக்கரத்துக்கு இரண்டுக்கு ஒன்று. முன்னால் 32 பல், பின்னால் 16 பல். ஒருமுறை பெடல் சுற்றினால் வண்டி சுமார் நான்கு மீட்டர் போகும். நிமிடத்துக்கு 90 சுற்றில் மணிக்கு 22 கிலோமீட்டர். சமதரையில் கியர்க்காரர்கள் கூட்டமாக 30இல் போனால் இவர் 120 சுற்று சுற்ற வேண்டும். கொஞ்ச தூரம் தாங்கும், அப்புறம் கூட்டம் போய்விடும். ஏற்றத்தில் நிலைமை தலைகீழ். கியர்க்காரர் சின்னப் பல்லுக்கு மாற்றி மணிக்கு ஐந்தில் ஊர்வார். ஒற்றைக் கியர்க்காரரால் அப்படி ஊர முடியாது. நாற்பது சுற்றுக்குக் கீழே போனால் கால் நின்றுவிடும். நாற்பது சுற்று என்றாலே மணிக்கு பத்து கிலோமீட்டர். ஆகவே அவர் எழுந்து நின்று, வேறு வழியில்லாமல், முன்னால் போகிறவர்களைத் தாண்டிப் போவார். பார்க்கிறவர்களுக்கு இது வீரமாகத் தெரியும்.

கொலராடோவின் லெட்வில்லில் 1994 முதல் நடக்கும் நூறு மைல் பந்தயம் 3,000 மீட்டருக்கு மேல் உயரத்தில் தொடங்கி அதற்கும் மேலே ஏறுகிறது. அங்கே ஒற்றைக் கியருக்குத் தனிப் பிரிவு உண்டு. மலைகளுக்கு நடுவே நீளும் சமதரையில் இழக்கும் நேரத்தை ஏற்றத்தில் எவ்வளவு மீட்கலாம் என்ற கணக்கு போட்டுத்தான் முந்தின இரவு பின்பல்லை முடிவு செய்வார்கள். கியர் என்ற முடிவு இல்லாமல் போகவில்லை. பாதையில் நூறுமுறை எடுக்க வேண்டியதை ஒரேமுறை, அதுவும் களத்துக்கு வெளியே எடுக்கிறார்கள்.

1990களில் கலிஃபோர்னியாவில் முளைத்த ஒற்றைக் கியர் உலகப் போட்டி வேறு ரகம். வேஷம் போட்டுக்கொண்டு ஓட்டுவார்கள், வழியில் பீர் கொடுப்பார்கள். அடுத்த ஆண்டு எந்த ஊரில் என்பதை வேடிக்கைப் போட்டி வைத்து முடிவு செய்வார்கள். வென்றவர் உடம்பில் பச்சை குத்திக்கொண்டே ஆக வேண்டும். மறுத்தால் பட்டம் கிடையாது. கேலிக்கூத்து என்று ஒதுக்கவும் முடியாது. 2007இல் ஸ்காட்லாந்தின் ஏவிமோரில் வென்ற ஆடம் கிரெய்க், மறு ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்ஸில் அமெரிக்காவுக்காக ஓட்டியவர்.

இன்று? கேசட்டைத் துளையிட்டுப் பிரிக்க யாருக்கும் நேரமில்லை, தேவையுமில்லை. உயரமான பற்கள் கொண்ட சக்கரம், அலுமினிய ஸ்பேசர்கள், செயின் இழுக்கும் கை எல்லாம் சேர்ந்து ஒரு பெட்டியாக வருகிறது. ஒரு மாலைக்குள் முடிந்துவிடும் வேலை. புதிதாக வாங்குகிறவர்களுக்கு அச்சை நகர்த்தும் வசதியோடே ஃபிரேம் கிடைக்கிறது; 29 அங்குலச் சக்கரத்தில் 32க்கு 18 போட்டால் அதே நான்கு மீட்டர். கியர்க்காரர்களின் பக்கமும் மாறிப்போயிற்று. 2012இல் ஸ்ராம் நிறுவனத்தின் எக்ஸ்எக்ஸ்1 முன்னால் ஒரே பல்சக்கரத்தோடு வந்தது. பற்கள் மாற்றி மாற்றி அகலமும் குறுகலுமாக, செயின் கழலாதபடி. 2016இல் பின்னால் 12 பல்சக்கரங்கள், 10 பல் முதல் 50 பல் வரை. 2019இல் அதற்குக் கேபிளும் போய் பேட்டரி வந்துவிட்டது. முன்பக்கம் இரண்டைக் கழற்றி ஒன்றை வைத்துக்கொண்டதற்காக ஒருகாலத்தில் சிரிப்புக்கு ஆளானவர்கள் செய்ததையே இப்போது எல்லாரும் விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

மாறிப்போனதில் பெரியது, மாற்றுவதற்கான காரணம். 1995இல் கியரைக் கழற்றியவர் நல்ல கியரைக் கழற்றினார். அது ஒரு மறுப்பு. இன்று பழைய 26 அங்குல ஸ்டீல் வண்டியில் கைவைக்கிறவர் பெரும்பாலும் செத்துப்போன கியரைத்தான் கழற்றுகிறார். எட்டு கியர் ஷிஃப்டரின் உள்ளே கிரீஸ் பசையாக இறுகிப்போயிருக்கும், பந்தயத் தரத்தில் புதிது கிடைக்காது. பின்ஹப் 135 மில்லிமீட்டர். இன்றைய ஹப் 148. புதிய 12 கியரை அதில் ஏற்றச் செலவிடுவது, வண்டியின் விலையைப் போலப் பல மடங்கு. ஒற்றைக் கியர்தான் அந்த வண்டியை மறுபடி ஒரு பந்தயக் கோட்டில் நிறுத்த மலிவான வழி. எளிமை, தூய்மை என்றெல்லாம் இதைப் புகழ்கிறவர்களோடு எனக்கு அவ்வளவு உடன்பாடில்லை. பாதிப் பேருக்கு இது உதிரிபாகம் கிடைக்காத கதைதான்.

அதற்கும் எல்லை உண்டு. பழைய ஃபிரேமில் டிஸ்க் பிரேக் மாட்ட இடமிருக்காது. பிரேக் கட்டை ரிம்மைத்தான் பிடிக்கும், அதன் உயரமும் ஃபிரேமிலேயே நிர்ணயமானது. ஆகவே பெரிய சக்கரம் போட முடியாது. ஒவ்வொரு சேற்றுப் பந்தயமும் அந்த ரிம்மின் பக்கவாட்டை மணல்தாள் போட்டுத் தேய்க்கிறது. கட்டை பிடிக்கும் பக்கவாட்டோடு நல்ல 26 அங்குல ரிம் செய்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். பந்தய டயரும் அப்படியே. இந்த வண்டிகளை இன்னும் ஓட்டுகிறவர்கள் பல்சக்கரத்தைப் பற்றி இப்போது அதிகம் பேசுவதில்லை. ரிம் எங்கே கிடைக்கிறது என்றுதான் கேட்கிறார்கள், கிடைத்தால் இரண்டாக வாங்கி வைக்கிறார்கள்.