ஒட்டியும் நிற்காத காற்று

கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு வீட்டுச் சைக்கிளில் காற்றுப் போய்விட்டால் அது சில்லோடு முடிகின்ற விஷயமல்ல. பரந்தன், வட்டக்கச்சி, அக்கராயன் என்று எங்கு பார்த்தாலும் வீடுகள் வாய்க்காலோரத்திலும் வயலோரத்திலும் தள்ளித் தள்ளியே இருக்கின்றன. பஸ் பெரிய வீதியில் ஓடும்; அந்த வீதிவரை போவதற்குச் சைக்கிள்தான். மகள் பாடசாலைக்குப் போவதும், உம்மா சந்தைக்கும் கிளினிக்குக்கும் போவதும் அதிலேதான். காலை ஏழு மணிக்குப் பின்சில்லு தரையோடு படிந்து கிடந்தால் அன்றைய பாடம் போயிற்று. மாதத்தில் நான்கு நாள் இப்படிப் போனால் கணக்குப் பாடத்தில் அந்தப் பிள்ளை பின்தங்கிவிடும். பிறகு, “இவளுக்குப் படிப்பு ஏறவில்லை” என்று நாம் சொல்லிக்கொள்வோம்!

இது வெறும் ஊகமல்ல. இந்தியாவின் பீகார் மாநிலத்தில் 2006இல் ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வழங்கும் திட்டம் தொடங்கியது. அதைப் பின்னர் ஆராய்ந்தவர்கள், அந்த வயதுப் பெண் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியில் சேர்வது ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கூடியதாகக் கண்டார்கள். பள்ளி தூரமாக இருந்த கிராமங்களில்தான் பயன் அதிகமாகத் தெரிந்தது. ஆனால் சைக்கிள் வீட்டில் நிற்பது ஒன்று, ஓடுவது இன்னொன்று.

வன்னி மக்களுக்குச் சைக்கிளின் அருமையைப் பிறர் சொல்லத் தேவையில்லை. எரிபொருளும் பற்றரியும் தடைப்பட்டிருந்த 1990களில் நோயாளியைக் கொண்டுபோனதும், விறகும் நெல்லும் ஏற்றியதும் சைக்கிள்தான். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம்மவர்களில் எத்தனையோ பேர் உடைமைகளோடு சைக்கிளையும் விட்டுவிட்டுத்தான் புத்தளம் போய்ச் சேர்ந்தார்கள். 2022இல் பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்றபோது கொழும்பிலும் சைக்கிளைத் தேடினார்கள்; சைக்கிளும் உதிரிப்பாகமும் விலை ஏறின.

சரி, ஒட்டிய பிறகும் ஏன் மறுபடி மறுபடி காற்றுப் போகிறது? கடையில் ஓட்டையை ஒட்டிவிடுகிறார்கள். ஓட்டை போட்ட பொருளைத் தேடுவதில்லை. அது டயருக்குள்ளேயே இருந்தால் ஒட்டின் பக்கத்தில் இன்னொரு ஓட்டை விழத்தானே செய்யும்? நேரமில்லாத கடைக்காரரைக் குறைசொல்லிப் பயனில்லை. இதை வீட்டில் நாமே பார்க்கலாம். பெண்களுக்கு ஆகாத வேலை என்று இதில் எதுவும் இல்லை. மீன் வெட்டத் தெரிந்த கைக்கு டியூப் கழற்றுவது பெரிய காரியமா?

முதலில் வால்கட்டையைப் பாருங்கள். நம் சாதாரணச் சைக்கிள்களில் வால்கட்டைக்குள் மெல்லிய ரப்பர்க் குழாய் ஒன்று இருக்கும். வெயிலில் அது வெடித்துப்போகும். காற்றடித்துவிட்டு வால்கட்டையின் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். குமிழி வந்தால் டியூபில் ஒன்றுமில்லை. அந்தச் சின்ன ரப்பரை மாற்றினால் போதும். இதை அறியாமல் நல்ல டியூபைக் கழற்றி அலைகிறவர்கள் அநேகர்.

வால்கட்டை சரியாக இருந்தால் டயரைக் கழற்ற வேண்டும். திருப்புளியால் நெம்பாதீர்கள், அதுவே புதிய ஓட்டை போட்டுவிடும். இரண்டு எவர்சில்வர் கரண்டிகளின் காம்பு போதும். டியூபை எடுக்குமுன், எந்தப் பக்கம் எப்படி இருந்தது என்பதற்குச் சோக்கட்டியால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பிறகு காற்றடித்துத் தண்ணீர்ப் பேசினில் அமிழ்த்திப் பாருங்கள்.

ஓட்டை எங்கே இருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். தரைப்பக்கம் ஒற்றை ஓட்டை என்றால் முள், ஆணி, கண்ணாடித்துண்டு அல்லது கம்பித்துண்டு. வன்னியில் பெரும்பாலும் நெருஞ்சில்தான். அதன் காய் முற்றியதும் ஐந்து துண்டுகளாகப் பிரியும். எந்தத் துண்டு எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேல்நோக்கி நிற்கும். அமெரிக்காவிலும் அது பரவியிருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்குப் ‘பஞ்சர் கொடி’ என்ற பொருளில் ஒரு பெயரே உண்டு. போட்ட கோட்டை வைத்து, டயரில் அதே இடத்தைக் கண்டுபிடியுங்கள். உட்புறத்தை மெல்லிய துணியால் சுற்றித் துடைத்தால் முள் துணியில் மாட்டும். வெறும் விரலால் தடவ வேண்டாம். முறிந்த முள்முனை கண்ணுக்குத் தெரியாது. அதைக் குறட்டால் பிடுங்கும்வரை ஒட்டுப்போட்டுப் பயனில்லை.

ஓட்டை ரிம் பக்கம் இருந்தால் முள்ளைத் தேடாதீர்கள். சில்லுக் கம்பிகளின் முனைகளை மூடியிருக்கும் ரப்பர் நாடா கிழிந்திருக்கும், அல்லது ஒரு கம்பி நீண்டு நிற்கும். கம்பியை அரத்தால் தேய்த்து, நாடாவைப் புதிதாகப் போட வேண்டும்.

பாம்பு கடித்ததுபோல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டைகள் இருந்தால் அது காற்றுக் குறைவால் வந்தது. கிரவல் ரோட்டில் கல்லில் ஏறும்போது டியூப் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் நசுங்குகிறது. பின்னால் ஒரு பிள்ளை, முன்னால் ஒரு பிள்ளை, கைபிடியில் அரிசிப் பை என்று போகிற சைக்கிளில் இது அடிக்கடி நடக்கும். வால்கட்டையின் அடி கிழிவதற்கும் காற்றுக் குறைவு ஒரு காரணம். டயர் ரிம்மில் வழுக்கி டியூபை இழுக்கிறது. அந்த இடத்தில் ஒட்டு நிற்காது. டியூபையே மாற்ற வேண்டியதுதான். ஆகவே வாரம் ஒருமுறை காற்றடியுங்கள். எவ்வளவு அடிக்கலாம் என்பது டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும். என்னைக் கேட்டால், வீட்டில் ஒரு பம் வாங்கி வைப்பது இரண்டாவது கைத்தொலைபேசியைவிட அவசியம்.

ஒட்டும் முறையிலும் அவசரம் கூடாது. ஓட்டையைச் சுற்றி மண்தாளால் தேய்த்துத் துடைத்து, சொலூசனை மெல்லியதாகப் பூசி, ஐந்து நிமிடம் காய விடுங்கள். விரல் ஒட்டாத பதம் வந்த பிறகே ஒட்டை வைத்து அழுத்த வேண்டும். ஈரமாக இருக்கும்போது வைத்த ஒட்டு முதல் வெயிலிலேயே கிளம்பிவிடும். டியூபைத் திரும்பப் போடும்போது குழந்தைக்குப் பூசும் பவுடரைக் கொஞ்சம் தூவினால் டயரோடு ஒட்டிப் பிடிக்காது. மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் ரப்பருக்குப் பகை. சங்கிலிக்கு எண்ணெய் விடும்போது டயரில் சிந்தவிடாதீர்கள். சைக்கிளை நிழலில் நிறுத்துங்கள்.

டயரில் நூல் தெரியத் தொடங்கினால் எத்தனை புது டியூப் போட்டாலும் வீண். டியூப் வாங்கப் போகும்போது டயரில் உள்ள அளவை எழுதிக்கொண்டு போங்கள். 26க்கு 28 போட்டால் மடிந்து, மடிப்பில் வெடிக்கும். கடைப் பலகையில் ‘ரயர், ரியூப்’ என்று எழுதியிருப்பார்கள். கிளிநொச்சித் தமிழ் அப்படித்தான்.

கழித்த டியூபை எறிய வேண்டாம். நீளமாகக் கீறினால் ரிம்முக்கு நாடா. குறுக்கே வெட்டினால் விறகுக்கட்டையும் அரிசிப் பையும் கரியரில் கட்ட நல்ல பட்டி. மிஞ்சிய துண்டு அடுத்த ஒட்டுக்கு.